அப்புச்சி பெட்டியில் இருந்த ரோமானிய வெள்ளிக்காசு: அசலா, போலியா?

மணல்மேடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கரூரில் அம்மா வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். சாமான்களை ஒதுக்கும்போது அப்புச்சியின் தகரப் பெட்டியில் இந்தக் காசு இருந்தது. கூடவே விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய்களும் சில ஓட்டைக் காலணாக்களும் இருந்தன. இது மட்டும் தனியாகத் தெரிந்தது. அப்புச்சி காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அமராவதி ஆற்றில் மணல் அரித்துக் காசு எடுப்பவர்கள் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்து போவார்கள் என்று அம்மா சொல்கிறார். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை.

எடை 3.08 கிராம், நகைக்கடைத் தராசில் போட்டது. அகலம் 18 மி.மீ. சரியான வட்டம் இல்லை. ஒரு பக்கம் இலை மாலை சூடிய ஆணின் தலை, வலப்பக்கம் பார்க்கிறது. மறுபக்கம் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து, ஒரு கையில் நீண்ட கோலும் மறு கையில் ஒரு கிளையும் வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் "போன்டிஃப்", "மாக்ஸிம்" என்று இரண்டு துண்டாக எழுத்து. தலைப்பக்கம் "டிஐ சீசர் டிவி" வரை தெளிவாகப் படிக்க முடிகிறது. மீதி தேய்ந்திருக்கிறது, கடைசியில் "விஎஸ்டிவிஎஸ்" போலத் தெரிகிறது.

தலையில் காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து வரை உளியால் வெட்டியது போல ஒரு தழும்பு. வெட்டின் அடியில் நிறம் மங்கலாக, ஒரு முனையில் பச்சையாக இருக்கிறது. பெண் உருவத்தின் பக்கம் இரண்டு சின்னக் கொப்புளங்களும் உண்டு.

ஒரு நாணய வியாபாரியிடம் காட்டினேன். "டூப்ளிகேட்" என்றார். ஆனால் ஒரு தொகை சொல்லி விலைக்கும் கேட்கிறார். எதை நம்புவது என்று தெரியவில்லை. படங்கள் கீழே.

வெள்ளிக்கீற்று

படங்களும் அளவுகளும் கொடுத்ததற்கு நன்றி தம்பி. பாதிப் பேர் மங்கலான ஒரு படத்தை மட்டும் போட்டு விலை கேட்பார்கள்.

இது என்ன காசு என்பதில் சந்தேகமே இல்லை. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட ரோமானியப் பேரரசர் திபேரியஸின் டினாரியஸ், அதாவது ரோமானியரின் வெள்ளிக்காசு. தலையைச் சுற்றி ஓடும் வாசகம் "திபேரியஸ் சீசர், தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் மகன், அகஸ்டஸ்" என்பதன் சுருக்கம். லத்தீன் கல்வெட்டுகளிலும் காசுகளிலும் "யூ" இருக்க வேண்டிய இடத்தில் "வி" வடிவமே வரும், நீங்கள் படித்த கடைசி எழுத்துகள் அதனால்தான் அப்படித் தெரிகின்றன. பின்பக்க வாசகம் தலைமைக் குரு என்ற பட்டம். அமர்ந்திருக்கும் பெண் திபேரியஸின் தாய் லிவியா என்று பலர் சொல்வார்கள், அமைதித் தெய்வம் என்றும் சொல்வார்கள். காசில் பெயர் எதுவும் இல்லை.

இவை அடிக்கப்பட்ட இடம் லுக்துனும், இன்றைய பிரான்சின் லியோன். திபேரியஸ் ஆண்ட 23 ஆண்டுகளில் பெரும்பாலும் இந்த ஒரே வடிவத்தை மாற்றாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். நாற்காலிக் கால்கள் வெறுமையாக இருக்கின்றனவா வேலைப்பாடு உண்டா, அடியில் எத்தனை கோடு, கையில் இருப்பது செங்கோலா தலைகீழ் ஈட்டியா என்பதை வைத்து உள்வகை பிரிப்பார்கள். உங்கள் படத்தில் கால்களில் கடைசல் வேலை தெரிகிறது.

வகையைக் கண்டுபிடிப்பது இத்தோடு முடிந்தது. அசலா என்பது தனிக் கேள்வி. எனக்கு முதலில் உறுத்துவது எடை. இந்தக் காலத்து டினாரியஸ் ஒரு ரோமானிய பவுண்டு வெள்ளிக்கு 84 காசு என்ற கணக்கில் அடிக்கப்பட்டது. நல்ல நிலையில் உள்ளவை 3.7, 3.8 கிராம் இருக்கும். தேய்மானத்துக்கு 0.2 அல்லது 0.3 கழிக்கலாம். 3.08 என்பது இந்தத் தேய்மானத்துக்கு அதிகமான குறைவு.

ரைன்கரை

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். இந்த வகைக் காசுக்கு என்றே ஒரு தனி ஆபத்து உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன்.

சீசருக்கு வரி கொடுக்கலாமா என்று இயேசுவிடம் கேட்டபோது அவர் வாங்கிக் காட்டிய காசு இதுதான் என்று ஐரோப்பாவில் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. நற்செய்தி நூல்களில் பேரரசரின் பெயர் இல்லை, ஆனாலும் அந்த நம்பிக்கையால் இதை "வரிக்காசு" என்று சொல்லி விற்கிறார்கள். ரோமானிய வெள்ளிக்காசுகளில் இதற்குக் கிராக்கி அதிகம். அதனால் நினைவுப் பொருள் கடைகளில் ஈயமும் தகரமும் கலந்த நகல்கள் குவிந்து கிடக்கின்றன. அமெரிக்காவில் 1973-ல் வந்த சட்டப்படி அங்கே விற்கும் நகல்களில் "காப்பி" என்ற சொல்லைப் பொறிக்க வேண்டும். மற்ற இடங்களில் அப்படியில்லாமலும் வரும், பொறித்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்பவர்களும் உண்டு.

எனவே முதலில் விளிம்பைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி நடுவில் ஒரு மெல்லிய கோடு ஓடினால் அது இரண்டு பாதி அச்சில் வார்த்தது. வார்த்த பின் அந்தக் கோட்டை அரத்தால் தேய்த்திருந்தால் அந்த அரத் தடம் இருக்கும். பழைய காசு சம்மட்டியால் அடித்தது, விளிம்பில் சின்ன வெடிப்புகள் இருப்பது நல்ல அறிகுறி. எழுத்துகளின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். அடித்த காசில் ஓரம் செங்குத்தாக எழும்பி நிற்கும், எழுத்துக்கும் விளிம்புக்கும் நடுவே உலோகம் வெளிப்பக்கமாக இழுபட்ட மெல்லிய ரேகைகள் தெரியும். வார்த்ததில் எல்லாம் மொழுமொழுவென்று இருக்கும், ஊசிமுனைக் குழிகள் விழுந்திருக்கும்.

உரைகல்

எங்கள் குடும்பமே பட்டறை வேலை. இவ்வளவு யோசிக்க வேண்டாமே? பக்கத்துப் பட்டறையில் கொடுத்து உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து ஆசிட் விட்டால் வெள்ளியா இல்லையா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கீற்று

தயவுசெய்து வேண்டாம். இரண்டு காரணம். ஒன்று, உரைகல் காசின் மேற்பரப்பைத் தின்றுவிடும், அந்த இடம் பிறகு எதற்கும் சாட்சி சொல்லாது. இரண்டு, உரைகல் சொல்வது மேல்தோலைப் பற்றி மட்டும். இங்கே நான் சந்தேகப்படுவதே உள்ளே இருப்பதைத்தான். மேல்தோல் வெள்ளி என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சுண்டிப் பார்த்து ஒலி கேட்பதும் கூடாது. வெள்ளி ரூபாயைச் சுண்டலாம், இதைச் சுண்டக் கூடாது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் மணல் மணலாகப் பிரிந்து நொறுங்கும் பதத்தில் இருக்கலாம். தரையில் விழுந்து இரண்டாக உடைந்த டினாரியஸ்களைப் பார்த்திருக்கிறேன்.

தம்பி, வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 0.01 கிராம் காட்டும் தராசு போதும். சின்ன டம்ளரில் கொதித்து ஆறிய தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, குமிழி ஒட்டாமல் இருக்க. டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசின் கன அளவு. எடையை அதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். சுத்த வெள்ளி 10.49, செம்பு 8.96, தகரம் 7.3 அளவில். திபேரியஸ் காலத்து டினாரியஸில் வெள்ளி நூற்றுக்கு 97க்குக் குறையாது, எனவே 10.4 பக்கம் வர வேண்டும். முடிந்ததும் காசைத் துணியால் தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள்.

மணல்மேடு

செய்துவிட்டேன் ஐயா. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தும் 0.33 தான் வருகிறது. 3.08 வகுத்தல் 0.33, 9.33.

விளிம்பில் கோடு இல்லை, அரத் தடமும் இல்லை. சின்ன வெடிப்பு ஒன்று இருக்கிறது. எழுத்து ஓரங்கள் லென்ஸில் கூர்மையாகத்தான் தெரிகின்றன.

ரைன்கரை

தராசின் பிழையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 0.32 என்றால் 9.63, 0.34 என்றால் 9.06. எந்தப் பக்கம் போனாலும் 10-ஐத் தொடவில்லை. முழு வெள்ளியாக இருந்தால் இந்த எடைக்கு 0.30 காட்டியிருக்க வேண்டும். இந்தத் தராசால் 97-க்கும் 90-க்கும் வித்தியாசம் காண முடியாது, ஆனால் உள்ளே செம்பு இருக்கிறதா என்பதைக் காண இது போதும். தகரம் பெரும்பங்காக உள்ள நினைவுப் பொருளும் இல்லை என்பது உறுதி, அது 7.5-ஐ ஒட்டி நின்றிருக்கும்.

உரைகல்

நீங்கள் சொன்னபடி உள்ளே நொறுங்கிப்போய் ஓட்டை ஓட்டையாக இருந்தால், அந்த ஓட்டைகளில் காற்று நின்று அடர்த்தியைக் குறைத்துக் காட்டாதா? நகையில் மெழுகு, அரக்கு உள்ளே நின்றால் இப்படித்தான் ஏமாற்றும்.

வெள்ளிக்கீற்று

நல்ல கேள்வி. காட்டும். அதனால்தான் அடர்த்தியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டாவது சாட்சி வேண்டும். அது அந்த வெட்டுத் தழும்புக்குள் இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பெரிய நகைக்கடைகளில் கேரட் மீட்டர் இருக்கும். எக்ஸ் கதிர் விட்டு உலோகக் கலவையைக் காட்டும் கருவி, காசுக்கு எந்தச் சேதமும் வராது. சமதளமான ஓர் இடத்திலும், வெட்டின் மேலும், ஒரு கொப்புளத்தின் மேலும் தனித்தனியாக அளவெடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கருவி மேலாக உள்ள சில பத்து மைக்ரான் ஆழத்தை மட்டுமே பார்க்கிறது. முழு வெள்ளிக்காசிலும் மண்ணில் கிடந்து மேல்தோலில் இருந்த செம்பு கரைந்து போயிருக்கும், அதனால் மேற்பரப்பு உண்மையைவிட உயர்ந்த தரத்தைக் காட்டும். தனியான ஓர் எண்ணுக்கு இங்கே மதிப்பில்லை. மூன்று இடங்களின் வித்தியாசம்தான் நமக்குத் தேவை.

நெய்தல்நிலம்

மன்னார்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் இந்த மாதிரி வெள்ளி டினாரியஸ் அருமை. இலங்கையில் கிடைக்கிற ரோமானியக் காசுகளில் மிகப் பெரும்பகுதி 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக் காசுகள். அவற்றுக்குள்ளேயே ரோமில் அடித்ததையும் இங்கேயே பார்த்து அடித்ததையும் பிரிப்பது சரியான கஷ்டம். இங்கே அடித்தவற்றில் எழுத்து வெறும் கோடும் புள்ளியுமாகப் போயிருக்கும்.

இந்தியாவிலும் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளைப் பார்த்து உள்ளூரில் செய்த படிகள் உண்டு. மணல்மேட்டின் காசு அந்த வகையாக இருக்க வாய்ப்பில்லையா? அப்படி இருந்தால் எடைக் குறைவுக்கும் காரணம் கிடைத்துவிடும்.

வெள்ளிக்கீற்று

நான் அதையும் யோசித்தேன் அண்ணா. எழுத்துதான் தடுக்கிறது. உள்ளூர்ப் படி செய்தவருக்கு லத்தீன் தெரியாது, எழுத்தை ஓர் அலங்காரக் கரை போலத்தான் வரைவார். காலப்போக்கில் கோல் கோலாக நிற்கும், தலையின் மூக்கும் கண்ணும் இங்குள்ள சிற்ப வழக்கத்துக்கு மாறிவிடும். இந்தக் காசில் தெரியும் எழுத்து ஒவ்வொன்றும் சரியான இடத்தில், சரியான வடிவில் இருக்கிறது. கழுத்தின் பின்னே மாலையின் நாடா முடிச்சு அவிழ்ந்து விழும் விதம்கூட லுக்துனும் பட்டறையின் கையாகத் தெரிகிறது. ஒன்று, இதன் அச்சை வெட்டியவர் அந்தக் காசுகளை நன்றாகப் பழகியவர். அல்லது அசல் காசு ஒன்றை அழுத்தி அதிலிருந்தே அச்சு எடுத்திருக்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி

மண் ஒட்டியிருப்பதை, பச்சை பிடித்திருப்பதைப் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒரு வார்த்தை. கிளாஸ்கோவில் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் ஸ்பான்சியானஸ் என்ற பெயர் பொறித்த தங்கக் காசு ஒன்று இருக்கிறது. 1713-ல் டிரான்சில்வேனியாவில் கிடைத்ததாகச் சொல்லப்படுவது. அப்படி ஒரு பேரரசர் இருந்ததாக வேறெந்த வரலாற்று ஆவணமும் சொல்லவில்லை, எனவே நீண்ட காலம் போலி என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2022-ல் ஒரு குழு நுண்ணோக்கியில் பார்த்து, புழக்கத்தில் பட்ட கீறல்களும் அதன்மேல் இறுகிய மண்படிவும் இருப்பதால் பழமையானதுதான் என்று எழுதியது. நாணயவியலாளர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. அடிக்காமல் வார்த்த காசு, வாசகம் ரோமானிய முறைக்கு ஒத்துவரவில்லை, உடன் கிடைத்த மற்றக் காசுகளும் விசித்திரமானவை என்பது அவர்கள் வாதம். கீறலும் மண்ணும் ஒருபக்கம் இழுக்க, வடிவமும் செய்முறையும் மறுபக்கம் இழுக்கின்றன.

கீறலைச் செயற்கையாக உண்டாக்குவதும் புதிதல்ல. 1830-ல் இறந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்ற ஜெர்மானியர், தான் வெட்டிய அச்சில் அடித்த போலிகளை இரும்புத் தூளுடன் ஒரு பெட்டியில் போட்டுத் தன் குதிரை வண்டியில் கட்டிவிட்டு ஊர் சுற்றுவாராம். வண்டி குலுங்கக் குலுங்கக் காசுக்கு வயதேறும்.

மணல்மேடு

கேரட் மீட்டர் முடிவு வந்தது. எங்களுக்குத் தெரிந்த கடை என்பதால் பொறுமையாகச் செய்து கொடுத்தார்கள். சமதளத்தில் வெள்ளி 95, செம்பு 3, மீதி தங்கமும் ஈயமும் கொஞ்சம். வெட்டின் மேல் வைத்தபோது செம்பு பாதிக்கு மேல் போய்விட்டது. கொப்புளத்தின் மேலும் செம்பு கூடுதல்தான்.

கடைக்காரர் "வெள்ளி முலாம் போட்டது தம்பி, போலி" என்று சொல்லிவிட்டார். வியாபாரி சொன்னதும் சரிதானோ?

வெள்ளிக்கீற்று

தம்பி, மனசு விடாதீர்கள். இந்த இழை சூடுபிடிப்பதே இனிமேல்தான்.

உங்கள் காசு போலிதான். ஆனால் இந்தக் காலத்துப் போலி அல்ல. பெரும்பாலும் ரோமானியர் காலத்திலேயே, அசல் டினாரியஸ் கையில் புழங்கிக்கொண்டிருந்தபோதே அடித்த கள்ளக்காசு. வெள்ளி போர்த்திய செம்புக் காசு. நாணயவியலில் இதற்குத் தனி இடமே உண்டு.

எப்படிச் செய்தார்கள் என்று சொல்கிறேன். செம்பு வில்லை ஒன்றை எடுத்து, வெள்ளித் தகட்டைச் சுற்றிலும் போர்த்தி, மடிப்புகளை ஒட்ட வைத்து, உலையில் காய்ச்சுவார்கள். வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும், செம்பு உருக 1085 வேண்டும். ஆனால் இரண்டும் தொடும் இடத்தில் கலந்த கலவை ஏறத்தாழ 780 டிகிரியிலேயே இளகிவிடும். அந்த மெல்லிய இளகல் தகட்டையும் செம்பையும் பற்றவைக்கும். பிறகு அச்சில் வைத்து அடிப்பார்கள். உரைகல் அண்ணாவுக்கு இது புதிதாக இருக்காது.

உரைகல்

பொடி வைத்து ஊதுகிற பற்றாசின் தத்துவமேதான் அது. வெள்ளிப் பற்றில் செம்பு சேர்ப்பதே சீக்கிரம் இளகத்தான். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே இவ்வளவு அளவாகச் சூடு பிடித்திருக்கிறார்கள் என்றால் அவர்கள் நல்ல கைகாரர்கள். கொஞ்சம் சூடு மிஞ்சினாலும் தகடு மொத்தமும் செம்புக்குள் போய்விடும்.

அப்படியானால் மின்முலாம் பூசிய இக்காலச் சரக்கு இது இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

வெள்ளிக்கீற்று

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வெட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளி ஓரம் வெட்டுக்குள் மடிந்து இறங்குகிறது. அதன் தடிமன் கண்ணுக்கே தெரிகிறது. மின்முலாம் இவ்வளவு தடிமனாக வராது, அது சவ்வு. இது தகடு.

கொப்புளங்கள் அடுத்தது. வெள்ளித் தோலில் எங்கோ ஒரு நுண்துளை வழியே ஈரம் உள்ளே போய், செம்பு அரித்து, அரித்தது பருத்து, மேலே உள்ள வெள்ளியைத் தூக்கியிருக்கிறது. உடைந்த கொப்புளத்தின் உள்ளே பச்சைக்கு அடியில் செங்கல் நிறம் தெரிகிறது. செம்பு மிக மெதுவாக அரிக்கும்போது உண்டாகும் அடுக்கு அது. ஆசிட்டில் முக்கி எடுத்தால் பச்சை வரும், பச்சைக்கு அடியில் இப்படி இறுகிய சிவப்பு அடுக்கு வருவது கடினம்.

வெள்ளியில் தங்கமும் ஈயமும் சொற்பமாக இருப்பதும் முக்கியம். அக்காலத்தில் ஈயத் தாதுவிலிருந்து புடமிட்டுப் பிரித்த வெள்ளியில் இவை மிச்சம் இருக்கும். இன்று சந்தையில் கிடைக்கும் 999 வெள்ளியில் இருக்காது. இதை மட்டும் வைத்துச் சொல்லமாட்டேன், பழைய வெள்ளியை உருக்கியும் போலி செய்யலாம். மற்றவற்றோடு சேர்ந்து நிற்கும்போது வலுவாகிறது.

கடைசியாக, வெட்டு. அதன் உதட்டில் பிசிறு எதுவும் இல்லை, புழக்கத்தில் தேய்ந்து மழுங்கியிருக்கிறது. வெட்டுக்குள் இருக்கும் படிவும் காசின் மற்றப் பள்ளங்களில் இருக்கும் படிவும் ஒன்றுதான். நேற்று வெட்டியது பளபளக்கும். இந்த வெட்டு காசு மண்ணுக்குப் போவதற்கு முன்பே விழுந்தது.

ரைன்கரை

நான் பொதுக் காட்சித் தளங்களிலும் ஏல ஆவணங்களிலும் இதே அச்சு எங்காவது வருகிறதா என்று தேடினேன். புதுப் போலிகளைப் பிடிக்க இதுதான் நல்ல வழி. அசல் காசு ஒன்றிலிருந்து அச்சு எடுத்து அடித்திருந்தால், அந்த அசல் காசின் தனிப்பட்ட அடி, கீறல், தேய்மானம் எல்லாப் போலியிலும் ஒரே இடத்தில் திரும்ப வரும். இரண்டு காசில் ஒரே எழுத்தின் ஒரே மூலையில் ஒரே பள்ளம் இருந்தால் இரண்டும் சந்தேகத்துக்குரியவை. உங்கள் காசுக்கு அப்படி இரட்டை எதுவும் அகப்படவில்லை. இல்லை என்பதே முழு ஆதாரம் ஆகாது, ஆனாலும் வெள்ளிக்கீற்று சொல்வதோடு ஒத்துப்போகிறது.

இன்னொன்று. இக்காலப் போலிக்காரர் பணத்துக்காகச் செய்கிறார். முழு வெள்ளியில் அடித்தால் பல நூறு டாலருக்கு விற்கும் காசை, செம்பில் தகடு போர்த்தி, அதைக் கொப்புளிக்க வைத்து, மலிவாக விற்க அவருக்கு என்ன தேவை?

ஏட்டுச்சுவடி

முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினியின் இயற்கை வரலாற்றில் 33-ஆம் நூலில் ஒரு செய்தி உண்டு. அவர் காலத்திலேயே, கள்ள டினாரியஸ் ஒன்றை மாதிரிக்காக வாங்க, நல்ல டினாரியஸ்கள் பலவற்றைக் கொடுத்தார்களாம். போலியை அடையாளம் காணப் பழகுவதற்கு அது தேவைப்பட்டது. டினாரியஸைச் சோதித்துப் பார்க்கும் முறையைச் சட்டமாக்கியதால் மக்கள் ஒருவரைக் கொண்டாடினார்கள் என்றும் அதே இடத்தில் எழுதுகிறார். கள்ளக்காசு அவர்களுக்கு அவ்வளவு பெரிய தலைவலி.

நெய்தல்நிலம்

பிளினியை எடுத்ததால் எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கிளாடியஸ் பேரரசர் காலத்தில் ரோமானிய வரி வசூலிப்பவர் ஒருவரின் ஆள் காற்றில் அடிபட்டு இலங்கைக்கு வந்து சேர்கிறான். அவனிடம் இருந்த டினாரியஸ்களில் வெவ்வேறு பேரரசர்களின் தலைகள் இருந்தும் எடை எல்லாம் ஒன்றாக இருந்ததைப் பார்த்து, ரோமானியரின் நேர்மையை இந்த நாட்டு அரசன் வியந்தானாம். பிளினி பெருமையோடு எழுதுகிறார். கரூர்க் காசின் வெட்டைப் பார்த்தால், இந்தக் கரையில் வாங்கியவர்கள் வியந்ததோடு நிற்கவில்லை, உளியும் வைத்திருந்தார்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

ஏட்டுச்சுவடி

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். வெட்டு என்றாலே சோதனை வெட்டு என்று சொல்லிவிட முடியாது. 1898-ல் புதுக்கோட்டையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. கடைசிக் காசு பேரரசர் வெஸ்பாசியன் காலத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு. தங்கத்தைச் சோதிக்க உரைகல் போதும், அத்தனை காசையும் வெட்ட வேண்டியதில்லை. காசாகச் செல்லாது, இனி வெறும் உலோகம் என்று அடையாளமிட வெட்டினார்கள் என்று ஒரு கருத்து இருக்கிறது. தலைமேல் விழுந்த வெட்டு என்பதால் இந்தக் காசுக்கும் அந்த விளக்கம் பொருந்தலாம் அல்லவா?

வெள்ளிக்கீற்று

பொருந்தலாம். ஆனால் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்துப் பார்க்கிறேன். வெள்ளியை உரைகல் பிடிக்காது என்று இல்லை, ஆனால் தகடு போர்த்தியதை உரைகல் பிடிக்காது, இந்த இழையிலேயே பார்த்தோம். போர்த்திய காசைப் பிடிக்க ஒரே நிச்சயமான வழி உள்ளே இறங்குவது. தென்னிந்தியாவில் கிடைத்த வெள்ளி டினாரியஸ்களில் சின்ன வெட்டும் குத்தும் நிறையவே வருகின்றன, எல்லாம் தலைமேல் இல்லை, விளிம்பிலும் வரும்.

இந்தியாவில் கிடைக்கும் ரோமானிய வெள்ளியில் அகஸ்டஸும் திபேரியஸும்தான் பெரும்பங்கு என்பதையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். கி.பி. 64-ல் பேரரசர் நீரோ டினாரியஸின் எடையைப் பவுண்டுக்கு 96 என்று குறைத்தார், வெள்ளியின் தரத்தையும் இறக்கினார். அதற்குப் பிறகு அடித்த வெள்ளி இங்கே மிகக் குறைவாகவே வருகிறது. இங்கே வாங்கியவர்கள் காசின் முகமதிப்பை அல்ல, அதிலுள்ள வெள்ளியைத்தான் வாங்கினார்கள். அப்படிப்பட்ட சந்தையில் ஒவ்வொரு காசும் சந்தேகத்துக்கு உரியது. மிளகுக்கோ துணிக்கோ கூலியாக வந்த இந்தக் காசை யாரோ வெட்டியிருக்கிறார்கள், செம்பு தெரிந்திருக்கிறது. நம் கேரட் மீட்டர் சொன்னதையே அந்த ஆள் அன்றே கண்டுபிடித்துவிட்டார். எனக்கு இந்தக் காசில் மிகப் பிடித்ததே இதுதான். அசல் டினாரியஸ்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வாங்கியவரின் கை பதிந்த காசு அதிகம் இல்லை.

வெட்டியது கரூரிலா, சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலா, வழியில் வேறெங்காவதா என்பதை இந்தக் காசை வைத்துச் சொல்ல முடியாது.

மணல்மேடு

படிக்கப் படிக்கக் கை நடுங்குகிறது. விற்க மாட்டேன் என்று வியாபாரியிடம் சொல்லிவிட்டேன். இதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரியா?

ஏட்டுச்சுவடி

இரண்டு சட்டங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்றும் மாறவில்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பவும் கூடாது. இணையத்தில் வெளிநாட்டுக்காரர் யாராவது கேட்டால் பதிலே போடாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் கண்டெடுத்தது யார், எப்போது என்று தெரியாது. அதனால் மறைக்காமல் மாவட்டத் தொல்லியல் அலுவலரிடமோ கரூர் அரசு அருங்காட்சியகத்திலோ காட்டி, எழுத்தில் ஒரு பதிவு பெறுவதுதான் பாதுகாப்பு. போகும்போது அம்மா சொன்னதையும் அவர் வார்த்தையிலேயே எழுதி, தேதியிட்டு, கையெழுத்து வாங்கி எடுத்துச் செல்லுங்கள். மணல் அரிப்பவர்கள் வீட்டுக்கு வந்தார்கள் என்ற அந்த ஒரு வரி இப்போது அம்மாவின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. ஆற்றில் கிடைத்தது என்று நீங்களாக முடிவுசெய்து எழுத வேண்டாம், அவர் சொன்ன அளவு போதும்.

ரைன்கரை

ஏட்டுச்சுவடி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஐரோப்பியச் சந்தையில் காசை மட்டுமல்ல, அதன் பூர்வீகக் காகிதத்தையும் போலியாகச் செய்வது உண்டு. பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று ஒரு கடிதம் தயாரித்து ஒட்டிவிடுகிறார்கள். உங்களிடம் இருப்பது சின்னச் செய்தி, ஆனால் உண்மையானது.

மணல்மேடு

அம்மாவிடம் இன்றே எழுதி வாங்கிவிடுகிறேன். அருங்காட்சியகத்துக்கு அடுத்த வாரம் போகிறேன். அதுவரை காசை எதில் வைப்பது? இப்போது நாணயச் சேகரிப்பு ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறையில் போட்டிருக்கிறேன். பச்சையைத் துடைக்கலாமா?

வெள்ளிக்கீற்று

உறையிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். வளையும் பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் பிவிசி. நம் ஊர்ச் சூட்டில் அது மெல்ல அமிலத்தை விடும், ஏற்கெனவே செம்பு திறந்து கிடக்கும் காசுக்கு அது விஷம். அமிலமில்லாத காகித உறை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மூடி இறுக்கமான கண்ணாடிப் புட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, காசு அதைத் தொடாதபடி வையுங்கள்.

பச்சையைத் தொடாதீர்கள். புளி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். கெட்டியாக, அசையாமல் இருக்கும் பச்சை காசுக்குக் கெடுதல் செய்யாது. வெளிர்பச்சையாக, தொட்டால் பொடி உதிர்வது போலப் புதிதாகக் கிளம்பினால் அரிப்பு உயிரோடு இருக்கிறது என்று பொருள், அப்போது அருங்காட்சியகத்தின் வேதியியல் பிரிவில்தான் காட்ட வேண்டும். வெட்டின் பச்சை முனையை இப்போதே நெருக்கமாக ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த வாரம் அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுத்து இரண்டையும் இங்கே போடுங்கள், ஒப்பிட்டுச் சொல்கிறேன்.